கை வைக்க முடியாத கணக்கு

துர்காதேவி முதன்முதலாக விமானம் ஏறியபோது அவளுக்கு முப்பத்தாறு வயது. அதற்கு முன் அவள் போயிருந்த தூரமான ஊர் திருப்பதி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவள். நான்கு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினான்கு வருடம் நர்சாக வேலை பார்த்தாள். தெருவில் யாருக்குச் சர்க்கரை ஏறினாலும், எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும் முதலில் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். சம்பளம் மட்டும் பதினெட்டாயிரத்தைத் தாண்டவேயில்லை.

கணவர் மாணிக்கவாசகம் நெசவாளர் கூட்டுறவு சொசைட்டிக்குப் பட்டு நெய்பவர். அதிகம் பேசமாட்டார். அவளுக்கு நைட் டூட்டி முடியும் நாட்களில் காலை ஏழு மணிக்கு மருத்துவமனை வாசலில் வண்டியோடு நிற்பார். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் அவர் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். அவர் பள்ளம் மேடு பார்த்து மெதுவாக ஓட்டிவருவார். ஒரே பெண், பிரவீனா.

கொரோனாவின் முதல் அலை ஓய்ந்த கையோடு இங்கிலாந்து மருத்துவமனைகள் இந்திய நர்சுகளைத் தேடி எடுக்கத் தொடங்கின. துர்காவோடு வேலை பார்த்த இரண்டு பேர் போய்விட்டார்கள். அதற்கு ஆங்கிலத் தேர்வு ஒன்று எழுத வேண்டும். இரண்டு முறை எழுதித் தோற்றாள். பேச்சுத் தேர்வுதான் காலை வாரியது. நோயாளியோடு நர்ஸ் பேசுவதுபோல ஐந்து நிமிடம் பேசிக் காட்ட வேண்டும். பழகிப் பார்க்க ஆள் இல்லை. மாணிக்கவாசகம் தானே நோயாளியாக இருக்கிறேன் என்றார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அவள் வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். தறியை விட்டு எழுந்துவந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முகத்தைக் கூட நோயாளிபோல் வைத்துக்கொண்டு, "ஐ கேனாட் ஸ்லீப், சிஸ்டர்" என்று படிப்பார். பிரவீனா விழுந்து விழுந்து சிரிப்பாள். மூன்றாவது முறை துர்கா தேறினாள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு பிப்ரவரியில் கிளம்பினாள். ஐந்து வருடம் என்று பேச்சு. வீட்டு மேல் இருந்த கடனை அடைத்து, பிரவீனாவின் படிப்புக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும். அவள் போன ஊர் இங்கிலாந்தின் வடக்கே, வருடத்தில் பாதி நாள் ஈரமாகவே கிடக்கும் ஊர். முதல் குளிர்காலத்தில் வார்டிலிருந்து வெளியே வந்தால் மாலை நான்கு மணிக்கே இருட்டியிருக்கும்.

கிளம்புவதற்கு முன்பே, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான சேமிப்புக் கணக்கு ஒன்றைக் காஞ்சிபுரத்திலேயே ஒரு வங்கியில் தொடங்கியிருந்தாள். என்.ஆர்.இ. என்பார்கள். அங்கிருந்து பவுண்டாக அனுப்பினால் இங்கே ரூபாயாக மாறிக் கணக்கில் ஏறும். கணவர் பெயரையும் சேர்த்திருந்தாள். அவரும் பணம் எடுக்கலாம் என்று தனியாக ஒரு கடிதம் கொடுத்து, ஏ.டி.எம். கார்டை அவர் கையிலேயே விட்டுப் போயிருந்தாள். அதில் யோசிக்க எதுவும் இருப்பதாக அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. வீடு என்றால் இரண்டு பேர் வீடு. பணமும் அப்படித்தான்.

ஒரு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாணிக்கவாசகம் வழக்கமான நேரத்துக்கு முன்பே அழைத்தார். பிரவீனா பக்கத்தில் இல்லை.

"துர்கா, ஒண்ணு சொல்லணும்மா. திட்டுறதுன்னா திட்டிக்கோ. அந்தப் பணம் போயிடுச்சி."

எந்தப் பணம் என்று அவளுக்கு உடனே புரியவில்லை. மாதாமாதம் அதிக வட்டி தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிய ஒரு நிதி நிறுவனம். தெருவில் பாதிப் பேர் போட்டிருந்தார்கள். அவளிடம் சொல்லாமல் ஐந்து லட்சத்து எண்பதாயிரம் எடுத்துப் போட்டிருக்கிறார். நான்கு மாதம் வட்டி வந்திருக்கிறது. பிறகு அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது. நாற்பது நாளாக அவர் அதை அவளிடம் சொல்ல முடியாமல் இருந்திருக்கிறார்.

"உன்ன ஒரு வருசம் முன்னாடியே கூட்டிக்கினு வந்துடலாம்னு பார்த்தேம்மா," என்றார்.

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கு வாயில் வந்தது ஒரே வார்த்தைதான். "டூட்டிக்கு நேரமாவுது." வைத்துவிட்டாள். அன்று அவளுக்கு டூட்டி இல்லை. அது அவருக்கும் தெரியும். வாரக் கடைசியில் அவளுக்கு எப்போது விடுமுறை என்று அவர் சுவர்க் காலண்டரில் குறித்து வைத்திருப்பார்.

அந்தப் பணத்தில் எத்தனை இரவு வேலை இருந்தது என்று அவள் கணக்குப் போடவில்லை. ஆனால் உடம்பு போட்டுக்கொண்டது. ஒரு கிழவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது, ஒரு வாந்தியைத் துடைக்கும்போது, இது போனதில் சேர்ந்ததா இனி வருவதில் சேர்ந்ததா என்று நினைப்பு வந்துவிடும். நினைத்ததற்காகத் தன்மேலேயே வெறுப்பு வரும்.

அதே வார்டில் சாமுவேல் என்று ஒரு செங்கல்பட்டுக்காரன் நர்சாக இருந்தான். அவளைவிட எட்டு வயது சின்னவன். அக்கா என்று கூப்பிடுவான். பணத்தை எந்தக் கணக்கில் போடுவது, எப்போது அனுப்புவது என்பதெல்லாம் அவனுக்கு விரல் நுனியில். ஒரு நாள் தேநீர் நேரத்தில் அவனிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டாள். அவன் ஒரு காகிதத் துண்டை எடுத்து விளக்க ஆரம்பித்துவிட்டான்.

ஊரில் வாடகை மாதிரி வருமானம் வருகிறவர்களுக்கு என்.ஆர்.ஓ. என்று ஒரு கணக்கு. அதில் வட்டிக்கு வரி பிடிப்பார்கள், அக்காவுக்கு அது தேவையில்லை. இப்போது வைத்திருக்கிற என்.ஆர்.இ. ரூபாய்க் கணக்கு, வரி கிடையாது, நினைத்தபோது எடுக்கலாம், ஆனால் பவுண்டு ஏறினால் அந்த லாபம் கிடைக்காது. மூன்றாவது, எஃப்.சி.என்.ஆர். அது சேமிப்புக் கணக்கு இல்லை, வைப்பு. ஒரு வருடத்திலிருந்து ஐந்து வருடம் வரை போடலாம். போட்ட பவுண்டு பவுண்டாகவே கிடக்கும், வட்டியும் பவுண்டிலேயே வரும். ஒரு வருடத்துக்கு முன்னால் உடைத்தால் வட்டி கிடையாது. அதற்கப்புறம் உடைத்தால் வட்டி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

"அதுக்குக் கார்டு கொடுப்பாங்களா?" என்று துர்கா கேட்டாள்.

சாமுவேல் சிரித்தான். "டெபாசிட்டுக்கு ஏதுக்கா கார்டு?"

அவள் ஒரு வாரம் யோசித்தாள். தாளில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் ரூபாய், அந்தப் பக்கம் பவுண்டு என்று எழுதிப் பார்த்தாள். பவுண்டில் வைப்பதே நல்லது என்று கணக்கு சொன்னது. அது உண்மைதான். ஆனால் கணக்குச் சொல்வதற்கு முன்பே அவள் முடிவு செய்துவிட்டாள் என்பதும் உண்மை.

ஜூலை மாதம் வங்கியிலிருந்து ஜீவிதா என்கிற இளம் அதிகாரி பேசினாள். வெளிநாட்டுக் கணக்குகளை அந்தக் கிளையில் அவள்தான் பார்த்தாள். ஐயாயிரம் பவுண்டு, மூன்று வருடம். படிவத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவள், இதிலும் கணவர் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டாள்.

"வேணாம் மேடம். அவரு கை வைக்க முடியாத மாதிரி போடுங்க. மூணு வருசத்துக்கு யாரும் தொடக்கூடாது, நான் சொன்னாலொழிய."

 ஜீவிதா தணிந்த குரலில், சார் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார் என்றாள். துர்காவின் பாஸ்போர்ட் நகல் கொடுக்க வந்திருந்தார் மாணிக்கவாசகம். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

அன்று சாயங்காலம் அவர் வழக்கம்போல் அழைத்தார். பிரவீனாவின் மார்க் சொன்னார். தெருவில் குழாய் உடைந்த கதை சொன்னார். கடைசியில், "அந்த டெபாசிட் நல்லாத்தான் இருக்குது துர்கா. அந்தம்மா வெளக்கமா சொன்னாங்கோ. ரூபா எறங்குனாலும் நம்மளுக்குப் பயம் இல்ல," என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள். ஊருக்குப் போகும்போது நேரில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த வருடம் ஒரு மாதம் ஊருக்கு வந்தாள். பிரவீனாவுக்கு உடுப்பு, உறவுக்காரர்களுக்குச் சாக்லேட், கோயில், கல்யாணம், சாப்பாடு என்று நாள் ஓடியது. இரண்டு மூன்று முறை பேச வாயெடுத்தாள். அவர் மிக நன்றாக நடந்துகொண்டார். காலையில் அவள் எழும் முன் காப்பி போட்டு வைத்திருந்தார், மகளுக்கு ஜடை பின்னக்கூடக் கற்றுக்கொண்டிருந்தார். நல்லபடியாக இருக்கிற வீட்டில் எதற்குக் கிளற வேண்டும் என்று தோன்றியது. திரும்பிப் போய்விட்டாள்.

ஒன்றை மட்டும் அவள் கவனித்திருந்தாள். வீட்டுச் செலவுக்கு மாதம் இருபதாயிரம் அந்தப் பழைய கணக்கில்தான் போட்டுவந்தாள். பிரவீனாவின் பள்ளிக் கட்டணம் தவிர அதிலிருந்து ஒரு ரூபாய் எடுக்கப்படவில்லை. கைபேசியில் பார்த்தால் தொகை ஏறிக்கொண்டே இருந்தது. மாணிக்கவாசகம் வீட்டைத் தன் நெசவுக் கூலியிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். ரோஷம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

போன வருடப் பங்குனித் திருவிழாவில் அவர் சாமி தூக்கப் போகவில்லை. ஏகாம்பரநாதர் புறப்பாட்டில் அவர் தோள் கொடுக்காத வருடம் இல்லை. அப்பா காலத்திலிருந்து வந்த வழக்கம். உறவுப் பையன் அனுப்பிய வீடியோவில் அவரைத் தேடிவிட்டு, ஏன் என்று கேட்டாள். தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்றார். ஒருநாள் வீடியோ அழைப்பில் அவர் பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்குவதைப் பார்த்தாள். இப்போதுதான் தறிக்குழியிலிருந்து ஏறி ஓடிவந்தேன் என்றார். முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை இருந்தது. நோயாளி ஒருவர் அப்படி உட்கார்ந்திருந்தால் அவள் கேட்கிற முதல் கேள்வியே வேறாக இருந்திருக்கும். அவரிடம் கேட்கவில்லை. அவர் நன்றாக இருக்கிறார் என்பது அவளுக்குத் தேவையாக இருந்தது.

அக்டோபரில், ஒரு வியாழக்கிழமை, வார்டில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது பிரவீனா அழைத்தாள். அந்த நேரத்தில் பிரவீனா அழைத்ததே கிடையாது. எடுத்தாள். மகளின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு போனை வாங்கிப் பக்கத்து வீட்டு இளங்கோவன் பேசினார். காலையில் குளிக்கப் போனவர் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டதாம். துர்கா மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அதைப் பூட்ட வேண்டும் என்று நினைவு வந்து, பூட்டினாள். அதற்குப் பிறகுதான் சாமுவேலைக் கூப்பிட்டாள்.

அவள் வந்து சேர ஒன்றரை நாள் ஆனது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நாற்பத்தாறு வயது. கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்ததை அவள் பார்த்தாள். எத்தனையோ கால்களை அழுத்திப் பார்த்த விரல். பெட்டியின் கண்ணாடிமேலேயே அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். சுற்றி அழுதவர்கள் அவள் அழாததைப் பார்த்துப் பயந்தார்கள்.

பத்து நாள் போன பிறகு, பிரவீனா பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாள். சென்னையில் ஒரு அரசு மருத்துவமனையின் சீட்டுகள், எக்கோ படம், மாத்திரைச் சீட்டுகள். இதய வால்வு சுருங்கியிருந்தது. மாற்ற வேண்டும் என்று பிப்ரவரியிலேயே எழுதியிருந்தார்கள். முதலில் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டியிருக்கிறார். நான்கரை லட்சம் ஆகும் என்றதும் எழுந்து வந்துவிட்டாராம். அரசு காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்று கேட்கப் போனால், சம்சாரம் லண்டனில் இருக்கும்போது எப்படி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு காலை ரயில் பிடித்துச் சென்னைக்கு அலைந்திருக்கிறார். ஆறு முறை. அறுவைச் சிகிச்சைக்கு நவம்பர் இருபதாம் தேதி கொடுத்திருந்தார்கள்.

துர்கா சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினாள். அது தொழில் பழக்கம். அடுக்கி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"உனக்கு அப்பவே தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

பிரவீனா சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அப்பா சத்தியம் வாங்கிக்கொண்டாராம். ஆபரேஷன் முடிந்ததும் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாராம். அம்மாவுக்குத் தெரிந்தால் வேலையை விட்டு ஓடிவந்துவிடுவாள், இல்லை அந்த டெபாசிட்டை உடைத்துவிடுவாள் என்றாராம். "அவ காச ஒரு தடவ தொலைச்சேன், அது போதும்ன்னாரும்மா. நான் ரெண்டு வாட்டி உனக்கு மெசேஜ் டைப் பண்ணேன். பண்ணிட்டு அழிச்சிட்டேன். அனுப்பியிருந்தேன்னா அப்பா இருந்திருப்பாரு இல்ல?"

பதினாறு வயதுப் பெண் அதை அழாமல் கேட்டாள். பத்து நாளும் அந்தக் கேள்வியை அவள் உள்ளே வைத்துக்கொண்டுதான் வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்பது துர்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. தன் துக்கத்தை ஒருபக்கமாக வைத்துவிட்டு மகளைத் தன் பக்கம் திருப்பினாள்.

"இங்க பாரும்மா. நான் நர்சு. பதினெட்டு வருசமா இதே வேல. அவரு மூச்சு வாங்குறத நான் என் கண்ணால பார்த்தேன். பார்த்துட்டு கேக்கல. இது உன்மேல இல்ல. நீ சத்தியத்தக் காப்பாத்தின. அவ்வளோதான் நீ செஞ்சது."

பிரவீனா அப்போது அழுதாள். அம்மாவும் அழுதாள். ஊருக்கு வந்து முதன்முறையாக.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வங்கிக்குப் போனாள். கணவரின் பெயரைக் கணக்கிலிருந்து நீக்க இறப்புச் சான்று கொடுக்க வேண்டும். ஜீவிதா எழுந்து நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் படிவங்களைப் பற்றிப் பேசிவிட்டு, தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். ஆகஸ்ட் மாதம் மாணிக்கவாசகம் வந்திருந்தாராம். முதிர்வுக்கு முன்னால் டெபாசிட்டை உடைத்தால் எவ்வளவு நஷ்டம் என்று பொதுவாகக் கேட்டாராம். பெரிதாக ஒன்றும் இல்லை, வட்டி கொஞ்சம் குறையும், ஆனால் மேடம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இவள் சொன்னாளாம். ஏதாவது அவசரமா என்று கேட்டிருக்கிறாள். அவசரம் என்றால் இந்தச் சேமிப்புக் கணக்கிலேயே மூன்று லட்சத்துக்கு மேல் இருக்கிறது, கார்டு உங்களிடம்தானே இருக்கிறது என்று எடுத்துக் காட்டியிருக்கிறாள்.

"என்ன சொன்னாரு?" என்று துர்கா கேட்டாள்.

"அது அவங்க சம்பாதிச்சது மேடம்னாரு. இருக்கட்டும்னு எழுந்து போயிட்டாரு. நான் உங்களுக்கு ஒரு போன் பண்ணியிருக்கணும். கஸ்டமர் விஷயம், நம்ம ஏன் பேசணும்னு இருந்துட்டேன்."

துர்காவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. சுற்றிலும் இருந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு நல்லெண்ணத்தில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள், தான் உட்பட. வங்கி அவரைத் தடுக்கவில்லை. எந்தப் படிவமும் தடுக்கவில்லை. அன்றைக்கு அந்த ஸ்பீக்கரில் அவர் கேட்ட வார்த்தைதான் கடைசிவரை அவர் கையைக் கட்டிப்போட்டிருந்தது.

திரும்பிப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய அவளுக்கு மூன்று வாரம் இருந்தது. பிரவீனாவை உடன் அழைத்துப்போக வழி இருக்கிறது என்று சாமுவேல் விசாரித்துச் சொன்னான். விசா, கட்டணம், பள்ளி எல்லாவற்றையும் எழுதியனுப்பினான். பிரவீனா வேண்டாம் என்று சொல்லவில்லை. போகலாம் என்றும் சொல்லவில்லை. பிளஸ் ஒன் பாதியில் இருந்தாள். ஒருநாள் விடியற்காலை துர்கா விழித்தபோது, மகள் தறி இருந்த அறையில் வெறும் தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சொசைட்டிக்காரர்கள் பாதி நெய்த சேலையோடு தறியில் பூட்டியிருந்த பாவு நூலையும் இறக்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். தறி மொட்டையாக நின்றது. அன்று காலை துர்கா இங்கிலாந்து மருத்துவமனைக்கு விலகல் கடிதம் அனுப்பினாள்.

ஊரோடு வந்துவிட்டால் கணக்குகள் எல்லாம் மாறும். ஜீவிதா பொறுமையாக விளக்கினாள். வெளிநாட்டில் இருப்பவருக்கான சேமிப்புக் கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். டெபாசிட்டை உடைக்க வேண்டியதில்லை; முதிரும்வரை அப்படியே ஓடலாம். அதற்குப் பிறகும் பவுண்டாகவே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், ஊர் திரும்பியவர்களுக்கென்று தனியாக ஒரு அந்நியச் செலாவணிக் கணக்கு இருக்கிறது. இல்லை, இப்போதே ரூபாயாக எடுத்துக்கொண்டாலும் நல்ல லாபம்தான் மேடம், நீங்கள் போட்டபோது பவுண்டு நூற்றைந்து, இப்போது நூற்றுப் பதினேழு என்றாள். சொன்ன பிறகு லாபம் என்ற வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவள்போலக் கணினித் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். துர்கா டெபாசிட்டை அப்படியே விட்டாள். எடுக்க அவளுக்கும் கை வரவில்லை.

இப்போது பழைய மருத்துவமனையிலேயே வேலை. சம்பளம் இருபத்துநான்காயிரம். ஷேர் ஆட்டோவில் போகிறாள், வருகிறாள். மூச்சு வாங்குகிறது என்று யாராவது வந்தால் கூட இருப்பவர்களிடம் நான்கு கேள்வி அதிகமாகக் கேட்கிறாள். டாக்டருக்கே சில சமயம் எரிச்சல் வருகிறது. தெருவில் சிலர், அங்கேயே இருந்திருந்தால் இன்னும் இரண்டு வருடத்தில் கைநிறையக் கொண்டுவந்திருக்கலாமே என்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறாள்.

சித்திரையில் ஒரு நாள் இருவரும் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். பிரவீனா தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை. ஜூலையில் அந்த டெபாசிட் முதிரப் போவதைப் பற்றி வங்கியிலிருந்து அன்று கடிதம் வந்திருந்தது.

"அம்மா, ஒண்ணு கேப்பேன். கோச்சிக்காதே. அப்பாவ நீ நம்பல இல்ல?"

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. பவுண்டு, வட்டி, உன் படிப்பு என்று காரணம் அடுக்குவதும் எளிது; அவளே தனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தபோது அது முடியவில்லை.

"அந்த வருசம் நம்பலம்மா. அப்புறம் நம்பினேன். ரெண்டு வருசம் முன்னாடி நான் வந்திருந்தப்போ, உனக்கு ஜடை பின்னிக்கினு இருந்தாரே, அப்பவே எனக்கு மனசு ஆறிப்போச்சி. அவர்கிட்ட சொல்லல. சொல்லாமலேயே அவருக்குத் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்துட்டேன்."

பிரவீனா கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்தாள். பிறகு, "எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாதுன்னு நெனைக்கிறேன்," என்றாள். குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னாள்.

துர்கா எழுந்துபோய் இன்னொரு தோசை வார்த்துக்கொண்டு வந்து மகளின் தட்டில் போட்டாள். ஆறிப்போனதைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டாள். இருவரும் சாப்பிட்டார்கள்.